சோடா உப்புக் கண்டக்டரும் நான் போட்ட அரை மாத்திரையும்

எனக்கு வயது எண்பத்து நாலு. பெற்றது ஐந்து, நாத்தனார் பிள்ளை ஒருவனையும் சேர்த்து வளர்த்தது ஆறு. இத்தனை வயதில் எத்தனையோ விதமான மனுஷர்களைப் பார்த்தாயிற்று. கோயில் யானையோடு கோபித்துக்கொண்டு முகம் கொடுக்காமல் திரிந்தவரைக்கூடப் பார்த்திருக்கிறேன். ஆனால் முசிறிக்கும் திருச்சிக்கும் நடுவே ஓடிய பஸ்ஸில் டிக்கெட் கிழித்த சோடா உப்புக் கண்டக்டரைப் போல ஒருவரை இந்தக் காவிரிக்கரை அதற்கு முன்னும் கண்டதில்லை, இனியும் காணப் போவதில்லை. அடுத்தவர் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. ஆள் பனைமரம்போல நெடுநெடுவென்று இருப்பார். தோளில் தொங்கும் தோல் பையில் இரண்டு அறை. ஒன்றில் டிக்கெட்டும் சில்லறையும். மற்றதில் சோடா உப்புப் பொட்டலம், ஓமம், இஞ்சி முரப்பா, பல நிறத்தில் மாத்திரைகள், ஒரு சின்னப் புட்டியில் வெள்ளை மருந்து. சட்டைப் பையில் எப்போதும் எலுமிச்சம்பழம். சில்லறை இல்லை என்று சொல்லுவாரே தவிர, மருந்து இல்லை என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை.

அவருக்கு இந்தப் பித்துப் பிடித்ததற்கு இரண்டு காரணம். முதல் காரணம் அவர் வயிறு. விடியுமுன் கடுங்காப்பி, நடுப்பகலில் கிடைத்தது, ராத்திரி மிஞ்சியது என்று தின்று தின்று நெஞ்செரிச்சல் வந்துவிட்டது. குனிந்து டிக்கெட் கொடுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் எதுக்களிக்கும். இரண்டாவது காரணம் சாலை. ஆற்றங்கரையோடு பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். எந்த டிரிப்பிலும் யாராவது ஒருவர் வாந்தி எடுக்காமல் பஸ் ஊர் போய்ச் சேராது.

"எடுக்கிறவங்க எடுத்துட்டு இறங்கிப் போயிடுறாங்க. வாளியைத் தூக்கிட்டு வாய்க்காலுக்குப் போறவன் நான்ல" என்பார்.

அதனால் எரிச்சலுக்கும் ஓங்கரிப்புக்கும் உலகத்தில் உள்ள மருந்தையெல்லாம் ஒன்றோடு ஒன்று மோதவிட்டுப் பார்ப்பது என்று முடிவு கட்டிவிட்டார். அதற்கு அவர் ஒரு சட்டமும் வைத்திருந்தார்.

"மருந்து ஒழுங்கா டிக்கெட் வாங்கிட்டுத்தான் ஏறும். கூடவே ஒரு ஓசிக்காரன் தொத்திக்கிட்டு வருவான். அவன் யாரு, எங்க இறங்குறான், அதைப் பாக்கணும். பாக்காம மருந்து நல்லாருக்குன்னு சொல்றவன் கண்டக்டரே இல்ல."

பஸ்ஸில் ஏறுகிறவர்களை அவர் எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால் வயிற்றைக் கேட்பார். ஒருநாள் ஒரு பெரியவர் ஏறினார். பஸ் நிறையக் கூட்டம்.

"என்ன பெரியவரே, போன வாரம் குடுத்த மாத்திரை எரிச்சலை நிறுத்திச்சா?"

"நிறுத்திச்சு தம்பி."

"கூட யாரு வந்தா?"

"யாரும் வரலியே, நான் ஒண்டியாத்தான் வந்தேன்."

"அட, வயித்துல கேட்டேங்க. போக்கு எப்படி?"

பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "பொம்பளைங்க இருக்காங்க தம்பி. அப்புறமா சொல்றேன்."

"அப்புறம்னா எனக்கு மறந்துரும். கையிலயாவது காட்டுங்க."

பெரியவர் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு கையை இறுக்கி மூடிக் காட்டினார். "கெட்டி" என்று பஸ்ஸுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார் கண்டக்டர்.

வழியில் குணசீலம். புத்தி பேதலித்தவர்களைக் கொண்டுவந்து பெருமாள் சன்னிதியில் தங்க வைக்கிற ஊர். பஸ் அங்கே நிற்கும்போதெல்லாம் டிரைவர் திரும்பிப் பார்த்து, "கண்டக்டரே, உங்க ஸ்டாப் வந்துருச்சு, இறங்கலியா?" என்பார்.

"நான் இறங்கிட்டா உனக்கு யாருய்யா விசில் குடுப்பா" என்பார் இவர். கோபமே வராது.

எரிச்சலுக்கு அவர் தன் மேலேயே செய்து பார்த்த சோதனைகள் அந்தச் சாலைக்கே தெரியும். சோடா உப்பைக் கரைத்துக் குடித்தால் தீ உடனே அணையும்; ஆனால் விடுகிற ஏப்பம் நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும், சாப்பாட்டு நேரத்துக்குள் எரிச்சல் மறுபடி வந்து உட்கார்ந்துவிடும். புட்டியில் இருந்த வெள்ளை மருந்து நன்றாகக் கேட்டது. ஆனால் வழியில் இருந்த வாழைத்தோப்பு ஒன்றுவிடாமல் பஸ் நிற்க வேண்டியிருந்தது. சரி என்று சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஒரு மாத்திரைக்கு மாறினார். எரிச்சல் போயிற்று, மற்றதெல்லாமும் நின்றுபோயிற்று. அந்த வாரம் முழுக்க உட்காரவும் மாட்டார், பேசவும் மாட்டார். பிறகு யாரோ கொடுத்த ஒரு கசப்புச் சொட்டு மருந்து. வயிறு குளத்துத் தண்ணீர்போல அமைதியாகிவிட்டது. ஆனால் நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண் மங்கி, எட்டணா டிக்கெட் எது, நாலணா டிக்கெட் எது என்று தெரியவில்லை. "போலாம் ரைட்" என்று சொல்ல வாயைத் திறக்கிறார், காற்றுதான் வருகிறது. டிரைவர் இன்ஜினை ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்துவிட்டு, "என்னய்யா, ஊமைக்கூத்தா?" என்றார்.

இப்படிப்பட்ட மனுஷனிடம்தான் என் கல்யாணம் போய் மாட்டிக்கொண்டது.

எனக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. டீசல் வாசனை மூக்கில் பட்டாலே போதும். குணசீலம் வருவதற்குள் காலையில் தின்றது, குணசீலம் தாண்டினால் நேற்றுத் தின்றது. அதுவரை அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. முசிறிப் பக்கம் வாழைத் தோட்டத்துக்குள் கிடக்கிற பெண் எங்கே போகப் போகிறாள்?

ஸ்ரீரங்கத்தில் மாப்பிள்ளை அமைந்தார். சொந்தமாகப் பாத்திரக் கடை. கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில். எங்கள் வழக்கம் அது. முதல்நாள் மாப்பிள்ளையின் அக்கா வந்து பெண்ணை அழைத்துப் போவார். பெண் வந்து இறங்கும்போது தெருவே கூடி நிற்கும், ஆலத்தி எடுப்பார்கள். அந்த இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிற கல்யாணப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓங்கரித்தால் பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றா ஊர் சொல்லும்? எங்கள் பக்கத்து ஊரில் ஒரு பெண்ணை அப்படித்தான் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். அவள் வயிற்றில் இருந்தது முந்தின ராத்திரி தின்ற பலாச்சுளை, வேறு ஒன்றும் இல்லை. அப்புறம் அவளைக் கேட்டு யாரும் வரவில்லை.

அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று. அப்பா தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கண்டக்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். அவர் முகம் கார்த்திகை விளக்குபோல ஆகிவிட்டதாம்.

"பொண்ணை எங்கிட்ட விடுங்கண்ணே. ஸ்ரீரங்கத்துல பூ மாதிரி இறக்கிவிடுறேன். இல்லேன்னா இந்தப் பையைக் கழட்டி வச்சிட்டு எருமை மேய்க்கப் போறேன்."

அதிலிருந்து சந்தை நாளெல்லாம் எனக்கு வெள்ளோட்டம். துணைக்கு அப்பாவின் அக்கா, என் அத்தை. அத்தையின் வாய்க்கு முன்னால் வாழை அரிவாள் மொக்கை.

முதல் வெள்ளோட்டத்தில் சோடா உப்பு. "வயிறுங்கிறது ஒரு அடுப்பு தங்கச்சி. எரிச்சலா இருந்தா என்ன, ஓங்கரிப்பா இருந்தா என்ன, தணலை அவிச்சா ரெண்டும் அடங்கிரும்" என்று எலுமிச்சைச் சாற்றில் கலக்கி நுரை பொங்கப் பொங்கக் குடிக்க வைத்தார். முதல் வளைவிலேயே எல்லாம் நுரையோடு வெளியே வந்துவிட்டது.

"அடுப்பை அவிக்கச் சொன்னா பானையைப் பொங்க வச்சிட்டியே தம்பி" என்றாள் அத்தை.

அவர் வாளியோடு வாய்க்காலுக்குப் போனார். கழுவிக்கொண்டே, "எரிச்சல் மருந்து வேற, ஓங்கரிப்பு மருந்து வேற. இத்தனை நாள் எனக்கு இது தெரியலியே அக்கா" என்று சந்தோஷமாகச் சொன்னார்.

அடுத்து இஞ்சி முரப்பா. நிஜத்தைச் சொல்ல வேண்டும், இஞ்சி கொஞ்சம் கேட்டது. தொண்டை வரை வந்தது அங்கேயே நின்றது. ஆனால் வழியெல்லாம் மென்றுகொண்டே வந்ததில் அன்று முழுக்க நெஞ்சுக்குள் மிளகாய் அரைத்த மாதிரி இருந்தது.

"நின்னுச்சா தங்கச்சி?"

"நின்னுச்சுண்ணே."

"கூட யாரு வந்தா?"

"நெஞ்சு எரியுதுண்ணே."

"ஆகா, நம்ம ஆளு" என்று புட்டியை எடுத்து வெள்ளை மருந்தில் ஒரு மூடி கொடுத்தார். அது என்ன செய்யும் என்று முன்னமே சொல்லியிருக்கிறேன். வாழைத்தோப்பில் பஸ் நின்றது. நான் திரும்பி வந்ததும் அவர் சுண்ணாம்பு மாத்திரையைத் தேட ஆரம்பித்தார். அத்தை பையின் வாயைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

"ஒருத்தனை இறக்க இன்னொருத்தனை ஏத்துற, அவனை இறக்க மூணாவது ஆளை ஏத்துற. பொண்ணு வயிறு என்ன டவுன் பஸ்ஸா?"

அப்போதுதான் கப்பல் மாத்திரை வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கி ஊருக்குத் திரும்பிய பினாங்குக்காரர் ஒருவர் பஸ்ஸில் வந்தார். கடல் பயணத்தில் குமட்டாமல் இருப்பதற்கு அவர் போட்ட மாத்திரையில் மிச்சம் இருந்ததைக் கண்டக்டர் கெஞ்சி வாங்கிக்கொண்டார். பிறத்தியாருக்குக் கொடுக்குமுன் தான் போட்டுப் பார்ப்பது அவர் நியாயம். போட்டார். விசிலை வாயில் வைத்தபடி கம்பியில் சாய்ந்து தூங்கிவிட்டார். விடுகிற மூச்சுக்கெல்லாம் விசில் ஊத, டிரைவர் நிறுத்துவதும் கிளப்புவதுமாக, இறங்க வேண்டாதவர்களெல்லாம் இறங்கி, ஏற வேண்டியவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

அப்படியும் விடவில்லை. "வாந்தியைக் கிட்ட அண்ட விடாது. ஓசிக்காரன் தூக்கம்தான். அவன் சாதுவான ஆளு" என்று எனக்கும் ஒன்று கொடுத்தார். முசிறியில் கண் மூடியது நினைவிருக்கிறது. கண் விழித்தது திருவானைக்காவலில், ஒரு பூக்கடை ஓரம், அத்தையின் மடியில். அவளும் கண்டக்டரும் என்னை மூட்டைபோல இறக்கியிருக்கிறார்கள். பூக்காரி, "யாரு பெத்த புள்ளையோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் நாக்கு தேங்காய் நார்போல இருந்தது. ஒரு பொட்டு வாந்தி இல்லை.

"ஜெயிச்சுட்டோம்" என்றார் கண்டக்டர்.

"என்னத்தை ஜெயிச்ச? நாளைக்கு வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குற பொண்ணை இறக்கினா அவங்க ஆலத்தி எடுப்பாங்களா, ஆளை விட்டு வைத்தியனைக் கூப்பிடுவாங்களா?" என்றாள் அத்தை.

கல்யாணம் நெருங்கிவிட்டது. வேறு வழி தெரியாமல் மூவருமாக முசிறி ஆஸ்பத்திரி டாக்டரிடம் போனோம். கண்டக்டர் ஒவ்வொரு மருந்தும் என்ன செய்தது, கூட யார் வந்தார்கள் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தார். டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டுவிட்டு அத்தையைப் பார்த்தார்.

"பஸ்ஸுல மட்டும்தானே? வேற ஒண்ணும் இல்லையே?"

"பஸ்தாங்க. வேற என்ன இருக்கப் போவுது?" என்றாள் அத்தை. அவள் குரலில் இருந்த சூட்டில் டாக்டர் மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடினார். டாக்டரே இப்படிக் கேட்டால் ஸ்ரீரங்கத்துத் தெரு கேட்காதா என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் மாத்திரையை மாற்றவில்லை. அதே ரகம்தான், ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்தார். "முழுசா எதுக்கு? இந்தப் பொண்ணுக்கு அரை போதும். பஸ் ஏறுறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும், ஏறினப்புறம் இல்ல. ரெண்டு இட்லி சாப்பிடலாம், எண்ணெய்ப் பலகாரம் கூடாது. முன் சீட்டு. ஓடுற மரத்தைப் பாக்கக் கூடாது, தூரத்துல பாக்கணும்."

"அதைத்தாங்க நானும் நினைச்சேன்" என்றார் கண்டக்டர்.

தை மாதம், கல்யாணத்துக்கு முதல்நாள். அப்பா பஸ்ஸையே தனியாக அமர்த்தியிருந்தார். பெரிய நாத்தனார் குளித்தலை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பரிசலில் காவிரி தாண்டி வந்து சேர்ந்தார். காதில் வைரத்தோடு, நடையில் மகாராணி. அதிரசம், வடை, பணியாரம், சீப்பிலிருந்து பிய்த்துப் பிய்த்து ரஸ்தாளி என்று எங்கள் வீட்டு விருந்தை ஒரு கை பார்த்தார்.

"கொஞ்சமா சாப்பிடுங்கம்மா. சாலையில வளைவு ஜாஸ்தி" என்றார் கண்டக்டர்.

"பஸ்ஸுல வாந்தி எடுக்கிறதெல்லாம் பட்டிக்காட்டுப் பொம்பளைங்க பழக்கம். எங்க வீட்டு ஆளுங்களுக்குக் கிடையாது" என்றார் நாத்தனார். என் வீட்டு ஆட்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஏறும்போது அடுத்த கண்டம். பெண்ணழைக்க வந்தவளுக்குத்தான் முன் சீட்டு என்றார் நாத்தனார். கண்டக்டர் குறுக்கே கம்பியைப் பிடித்துக்கொண்டார். "அங்க வெயில் மூஞ்சியில அடிக்கும்மா. உங்க நிறத்துக்கு ஆகாது." நாத்தனார் யோசிக்கவே இல்லை, நேரே கடைசி சீட்டுக்குப் போய், சீர்ப் பாத்திரங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பொண்ணு கையில எதுக்கு எலுமிச்சம்பழம்?" என்று அங்கிருந்தே கேட்டார்.

"திருஷ்டிக்குங்க" என்றார் கண்டக்டர். கல்யாணப் பெண் கையில் எலுமிச்சம்பழத்தை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

குணசீலம் தாண்டியது. போட்டிருந்த அரை மாத்திரையில் இலேசாகக் கண் சொருகியதே தவிர, வயிறு வாயைத் திறக்கவில்லை. வாத்தலை வந்தது. அங்கே, கடவுள் கண்ணைத் திறந்து பார்த்தார். ரேடியேட்டர் கொதித்து, பஸ் புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் மொண்டு ஊற்றுவதும், மூடியைத் திறந்தால் மறுபடி பொங்குவதுமாக நேரம் ஓடியது. பஸ் கிளம்பியபோது என் அரை மாத்திரை தன் வேலையை முடித்துக்கொண்டு இறங்கிப் போயிருந்தது. நொச்சியம் வரும்போது வாயில் உப்புத் தண்ணீர் ஊறியது. நான் எலுமிச்சம்பழத்தைப் பிடித்த பிடியைப் பார்த்தே கண்டக்டருக்குத் தெரிந்துவிட்டது.

"மீதி அரையைக் குடு தம்பி" என்றாள் அத்தை கிசுகிசுப்பாக.

"குடுத்தா ஆலத்தி எடுக்கிறப்ப குறட்டை விடும். வேண்டாங்க்கா."

"குடுக்கலேன்னா பொண்ணு திரும்பி வந்துரும்டா."

அவர் பையின் வாயை மூடிவிட்டு எனக்கு எதிரே வந்து நின்றார். "தங்கச்சி, உங்கப்பா தோட்டத்துல என்னென்ன வாழை இருக்கு?"

"பூவன்."

"அப்புறம்? கீழ பாக்காதே, தூரத்துல பாரு."

"மொந்தன். கற்பூரவல்லி."

"அதுல எந்த மரத்துக்கு அதிகமா முட்டுக் குடுக்கணும்? மூச்சை இழுத்து விட்டுட்டுச் சொல்லு."

எனக்குப் பூவனா மொந்தனா என்று குழம்பியது. குழப்பத்தில் வயிற்றை மறந்தேன். கொள்ளிடம் பாலம் ஏறினோம். தென்னைகளுக்கு மேலே ஸ்ரீரங்கத்து வெள்ளைக் கோபுரம் தெரிந்தது. அதையே பார்த்தேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைக் கண்டக்டரைவிட நன்றாக அறிந்தவர் யார்? ஒரே தாவில் கடைசி சீட்டுக்குப் போய், கைக்கு அகப்பட்ட பாத்திரத்தை நீட்டினார். அது சீரில் இருந்த பித்தளைத் தவலை, மாப்பிள்ளை கடையிலேயே வாங்கியது. அதிரசம், வடை, பணியாரம், ரஸ்தாளி எல்லாவற்றையும் மகாராணி அதில் வரிசையாகத் திருப்பிக் கொடுத்தார்.

ஒருவர் எடுத்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் வரும் என்பது பஸ்ஸில் போன எல்லோருக்கும் தெரியும். சத்தம் வந்தது, வாசனையும் வந்தது. நான் கோபுரத்தைப் பார்த்தபடியே கையில் இருந்த எலுமிச்சம்பழத்தைப் பின்னால் நீட்டி, "அண்ணிகிட்ட குடுங்க அத்தை" என்றேன். வெறுங்கையோடு பாலம் தாண்டினேன்.

தெருவில் மேளம் கொட்டியது. நான் முதுகை நிமிர்த்தி, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினேன். ஆலத்தித் தட்டு என் முகத்துக்கு முன்னால் சுற்றியது. ஒரு சொட்டு இல்லை, ஒரு ஓங்கரிப்பு இல்லை. "பொண்ணு சிலை மாதிரி நிக்குது" என்று யாரோ சொன்னது இன்றைக்கும் காதில் கேட்கிறது.

என் பின்னால் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினார். மாமியார் தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு ஓடினார்.

"என்னடி இது, ஓங்கரிக்கிற? விசேஷமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

தெரு முழுக்கத் திரும்பியது. கூட்டத்தில் நாத்தனாரின் மூத்த மகன் வாழைப்பழம் தின்றுகொண்டு நின்றான்.

"உன் பேரனுக்கு மீசை முளைச்சிருச்சும்மா. பேசாம உள்ள போ" என்றார் நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பஸ்தாங்கம்மா, வேற ஒண்ணுமில்ல" என்று கண்டக்டர் படியில் நின்று ஊருக்கே அறிவித்தார். பிறகு குனிந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார். "நின்னுச்சா தங்கச்சி?"

"நின்னுச்சுண்ணே."

"கூட யாரு வந்தா?"

"நாத்தனார்தான்."

அவர் சிரித்த சிரிப்பில் பஸ்ஸின் ஜன்னல்கள் ஆடின. மறுநாள் தாலி கட்டும் நேரத்துக்குத் தவலையைப் புளி போட்டுத் தேய்த்து, தங்கம் மாதிரி மின்னக் கொண்டுவந்து வைத்தார். நாத்தனார் கடைசி வரைக்கும் அதைத் தொட்டதில்லை.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவர் புகழ் தொட்டியம் வரை போயிற்று. மருந்து கேட்பதற்காகவே பஸ் ஏறினவர்கள் உண்டு. அவர் நெஞ்செரிச்சல் மட்டும் ஓய்ந்தபாடில்லை.

அடுத்த வருஷம் நான் மூத்தவனை உண்டாகியிருந்தேன். பச்சைத் தண்ணீரும் தங்கவில்லை, எழுந்து நடக்கத் தெம்பில்லை. என் வீட்டுக்காரர் பயந்துபோய் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, அந்தக் கப்பல் மாத்திரையில் அரை வேண்டும் என்று கேட்டார். உலகத்துக்கே மருந்து சொன்ன மனுஷன் பையைத் திறக்கவில்லையாம்.

"அதுல ரெண்டு பேரு பயணம் பண்றாங்க மாப்பிள்ளை. அந்த ரூட்டு எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக்கு அழைச்சுட்டுப் போங்க" என்றிருக்கிறார்.

என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கையில் ஊசி குத்தி உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். சாயங்காலம் கண் திறந்து பார்த்தால், வராந்தா பெஞ்சில் காக்கிச் சட்டையோடு அவர் உட்கார்ந்திருக்கிறார். பஸ்ஸை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வந்து, காலையிலிருந்து யாரிடமும் ஒரு கேள்வி கேட்காமல், நர்ஸ் கதவைத் திறக்கும்போதெல்லாம் எழுந்து நின்றாராம்.

நான் சொல்லச் சொல்ல எழுதினது போதும் மீனா. பாட்டிக்கு முதல்லேருந்து ஒரு தடவை படிச்சுக் காட்டு கண்ணு, நிதானமாப் படி. அந்த அண்ணனை நான் எங்கேயாவது குறைச்சுச் சொல்லியிருந்தா அந்த இடத்துல நிறுத்து, திருத்திடலாம்.